உருண்டை கூப்பிடும் முன்

அத்தியாயம் 11

அலாரம் அடித்தது. அணைத்தான். பாலை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பல் தேய்த்தான். பொங்குவதற்குள் வந்து இறக்கினான். தட்டில் ரொட்டித் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி வைத்தான். ஒட்டினால் மகள் தொடமாட்டாள். பால் நீலத் தம்ளரில். வேறு தம்ளரில் ஊற்றினால் ஊற்றியபடியே இருக்கும்.

சுண்டு எழுந்து வந்து நாற்காலியில் ஏறினாள். ரொட்டியை இடமிருந்து வலமாகத் தின்று முடித்தாள். அவன் தலை வாரிவிட்டான். வகிடு இப்போதெல்லாம் நேராக வருகிறது. ஆரம்பத்தில் அது போன போக்கில் போனது. சீப்பு பட்டதும் அவள் தோள் குறுகும். இன்றும் குறுகியது.

பை, தண்ணீர் பாட்டில், மாற்றுடுப்பு, சாவி. கதவைப் பூட்டிவிட்டு ஒரு தடவை இழுத்துப் பார்த்தான்.

மனைவி இறந்து எட்டு மாதமாகிறது. நாலு வயது மகளோடு அவன் நடத்தும் குடித்தனத்தில் காலை நேரம் மட்டும்தான் பிசகில்லாமல் ஓடுகிறது.

மழலையர் பள்ளி ஆசிரியை தயங்கித் தயங்கிச் சொன்னதில் தொடங்கிய பேச்சு இது. கூப்பிட்டால் திரும்புவதில்லை, மற்ற பிள்ளைகள் கைதட்டும்போது இவள் மின்விசிறியையே பார்க்கிறாள், யாரிடமாவது ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்றார். ஆட்டிசமாக இருக்குமோ என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் அவன் காதில் நன்றாக விழுந்தது. குழந்தைகள் வளர்ச்சி மையத்தில் நாள் கிடைப்பதற்குள் செய்தி மனைவியின் அண்ணனுக்கு எட்டிவிட்டது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கொண்டுவந்த பழப்பையைக்கூடக் கீழே வைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

“புள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா சந்தோஷம் மாப்பிள்ளை. ஏதாவது இருக்குன்னு சொன்னாங்கன்னா, தனியாளா உங்களால முடியாது. நாங்க கூட்டிட்டுப் போயிடறோம்.”

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம். மையத்தில் பார்த்த பிறகு வரும் ஞாயிறு பதில் கேட்க வருவதாகச் சொல்லிப் போனார்.

மையத்தில் இன்றுதான் அந்த நாள்.

அக்கா காரோடு வாசலில் நின்றாள். ட்ரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். கூரையில் மஞ்சள் பலகை வைத்த அந்தக் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. முதல் திருப்பத்திலேயே அவன் கால் தானாக அதை அழுத்தியது.

“கால எடுடா. அது உனக்கு வெச்சதில்ல.”

“பஸ் வந்துச்சு.”

“ரோடுன்னா பஸ் வரத்தான் செய்யும். மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்க? தூக்குல போடக் கூட்டிட்டுப் போற மாதிரி.”

“அப்படியா வெச்சிருக்கேன்?”

“கண்ணாடியப் பாரு. டெஸ்டுக்குத்தானே போறோம். டெஸ்டுன்னா அத எங்கிட்ட விடு. எங்கிட்ட கத்துக்கிட்டவங்க ஒருத்தர் ஃபெயில் ஆனதில்ல.”

“அவங்கெல்லாம் வண்டி ஓட்டறாங்களா?”

“அது போலீஸோட தலைவலி.”

சிரிக்க வேண்டிய இடம். அவனுக்கு வாய் மட்டும் கோணியது. பின்னிருக்கையில் சுண்டு, ஜன்னல் கண்ணாடியில் விரலால் ஒரே இடத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

மையத்தின் உள்ளறையில் காலணி கூடாது. டாக்டரும் காலுறையோடுதான் இருந்தார். வலது காலுறையின் கிழிசல் வழியே கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அதை அவர் மறைக்க முயலவில்லை. அதனாலேயே அவனுக்கு அவர்மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

மேஜைமேல் அது உட்கார்ந்திருந்தது. முழங்கால் உயர ரோபோ. வெள்ளை உடம்பு, பந்து போன்ற தலை, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு விளக்கு. வாய் கிடையாது. மையத்தில் எல்லோரும் அதை உருண்டை என்கிறார்கள். சென்ற முறை, பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது அக்கா அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, “எனக்கு வெச்சிருக்க வேண்டிய பேரு” என்று தன் இடுப்பைத் தட்டிக்கொண்டாள்.

“இது எதுக்கு டாக்டர்? நீங்களே கூப்பிட்டுப் பாக்கக் கூடாதா?” என்று கேட்டான்.

“நானும் பாப்பேன். ஆனா நான் காலைல ஒரு குரல்ல கூப்பிடுவேன், மத்தியானம் பசியில வேற குரல்ல கூப்பிடுவேன். இது எல்லாக் குழந்தையையும் ஒரே மாதிரி கூப்பிடும். அப்புறம், மனுஷ முகம் சில குழந்தைங்களுக்குப் பெரிய இரைச்சல் மாதிரி. கண்ணு, புருவம், வாய் எல்லாம் ஒண்ணா ஆடும். உருண்டைகிட்ட அந்தத் தொல்லை இல்ல.”

“முடிவு சொல்றது?”

“அது சொல்லாது. நான் சொல்லணும். நீங்க சொல்றதையும் கேட்டுட்டு.”

அவனை மூலையில் ஒரு குட்டி நாற்காலியில் உட்காரச் சொன்னார். பேசக்கூடாது, சைகை காட்டக்கூடாது. அக்கா வெளியே வராந்தாவில். சுண்டு மேஜைக்கு எதிரே தரைவிரிப்பில் உட்கார்ந்து அதன் ஓரத்து நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“சுண்டு,” என்றது உருண்டை. மேடு பள்ளம் இல்லாத குரல்.

சுண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் குட்டி நாற்காலியின் நுனிக்கு வந்தான். வீட்டில் தொண்டை வறளக் கூப்பிட்டாலும் அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். எப்போதாவது திரும்பினாலும் அவனுக்காகத் திரும்பினாளா, பின்னால் கதவு சாத்திய சத்தத்துக்குத் திரும்பினாளா என்று சந்தேகமாக இருக்கும். இங்கே ஒரே தடவை. உடனே.

உருண்டை ஒரு கையைத் தூக்கியது. அவளும் தூக்கினாள். இறக்கியது. இறக்கினாள். டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டார். அவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். ஒன்றுமில்லை. குழந்தைக்கு ஒன்றுமில்லை. அம்மா இல்லாத குழந்தை கொஞ்சம் ஒதுங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்போது உருண்டை பாதியில் நின்றது. இரு கையையும் அரைகுறையாகத் தூக்கியபடி, வராத பஸ்ஸுக்குக் கைகாட்டுகிறவர் மாதிரி. சிவப்பு விளக்கும் அணைந்தது.

“நெட் போச்சு. ஒரு நிமிஷம்,” என்று டாக்டர் திரும்பி, கணினிமேல் குனிந்தார்.

உருண்டை நின்றது. சுண்டு நிற்கவில்லை.

கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு தடவை கைதட்டினாள். இரண்டு கையாலும் முகத்தை மூடினாள், திறந்தாள். இடப்பக்கச் சுவரில் இருந்த பலூன் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். வலப்பக்கச் சுவரில் இருந்த மீன் படத்தைப் பார்த்தாள். அங்கே பார் என்று அவளுக்கு யாரும் காட்டவில்லை. எல்லாம் முடிந்ததும் வலது உள்ளங்கையை விரித்துக் காற்றில் நீட்டினாள். அதில் ஏதோ வந்து விழும் என்பதுபோல நீட்டியபடியே இருந்தாள்.

அவன் வேலை லிஃப்ட் ஆய்வு. கட்டடம் கட்டடமாகப் போய்க் கம்பிவடத்தையும் பிரேக்கையும் பார்த்துச் சான்று கொடுப்பது. வருஷம் முழுக்க எட்டிப் பார்க்காத உரிமையாளர்கள் ஆய்வு நாளன்று மட்டும் எல்லா இணைப்புக்கும் எண்ணெய் விட்டு வைத்திருப்பார்கள். லிஃப்ட் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். கதவு திறந்ததுமே அவனுக்குத் தெரிந்துவிடும். புது எண்ணெய் வாசனை.

அந்த அறையில் இப்போது அவனுக்கு அந்த வாசனை வந்தது.

சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. உருண்டைக்கு உயிர் வந்தது. கைதட்டியது. முகத்தை மூடியது. பலூனைப் பார்த்தது, மீனைப் பார்த்தது. சுண்டு எல்லாவற்றையும் இன்னொரு தடவை செய்தாள், தப்பில்லாமல்.

“சமர்த்து,” என்றார் டாக்டர். பிறகு அவரே தரையில் உட்கார்ந்து பொம்மைகளை வைத்து அவளோடு விளையாடிப் பார்த்தார். அந்தப் பகுதியில் சுண்டு அவர் பக்கம் திரும்பவேயில்லை. பொம்மைக் கார்களை வரிசையாக நிறுத்தினாள். டாக்டர் புருவத்தைச் சுருக்கி எழுதினார். கடைசியில், உதவிப் பெண்ணிடம் குழந்தையை விட்டுவிட்டு அவனிடம், “கொஞ்ச நேரம் வெளிய இருங்க சார். கூப்பிடறேன்,” என்றார்.

வராந்தாவில் அக்கா உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். கையில் பிரித்த பிஸ்கட் பாக்கெட்.

“எப்படிப் பண்ணா?”

“எல்லாம் பண்ணா.”

“திரும்பினாளா?”

“திரும்பினா.”

“மூஞ்சிய மூடினாளா?”

அவன் அவளைப் பார்த்தான். “மூஞ்சிய மூடணும்னு உனக்கு எப்படித் தெரியும்?”

அக்கா பாக்கெட்டின் வாயை மடித்தாள். பிறகு பிரித்தாள்.

“என்னக்கா செஞ்ச?”

“என்ன செய்வாங்க? சொல்லிக் குடுத்தேன். போன தடவ பெத்தவங்களுக்குன்னு அவங்களே அத ஓட்டிக் காட்டினாங்கல்ல, நான் போன்ல புடிச்சேன். எல்லாருந்தான் புடிச்சாங்க. அதப் போட்டுக் காட்டிக் காட்டிப் பழக்கினேன். பேரு மட்டும் அதுல இல்ல. அத நான் சொன்னேன்.” மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு சொல்லிக் காட்டினாள். “சுண்-டு.”

வராந்தாவின் கோடியில் யாரோ ஒருவர் மடியில் இருந்த குழந்தை திரும்பிப் பார்த்தது.

“பாத்தியா. எல்லாப் புள்ளையும் திரும்புது.”

அவனுக்கு நினைவு வந்தது. வேலை முடிந்து மகளைக் கூட்டிவர அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் உள்ளறையிலிருந்து அந்தக் குரல் காதில் விழுந்தது. இரண்டு வாரமாக. என்ன சத்தம் என்று அவன் ஒரு நாள்கூட விசாரிக்கவில்லை. விசாரித்திருக்கலாம். விசாரித்தால் நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கும்.

“அவ அதுக்காகத் திரும்பலக்கா. பிஸ்கட்டுக்காகத் திரும்பினா.”

“எதுக்குத் திரும்பினா என்ன? எங்கிட்ட வர்றவன் மட்டும் ரோட்டு மேல ஆசப்பட்டா கத்துக்கறான்?”

“இது வண்டி இல்ல.”

“இல்லதான். வண்டின்னா போயிட்டுப் போகுதுன்னு விட்டிருப்பேன்.” அக்காவின் குரல் தாழ்ந்தது. “உன் மச்சான் வந்து அவளக் கூட்டிட்டுப் போயிட்டா நீ என்னடா பண்ணுவ? அந்த வீட்ல தனியா உக்காந்து லிஃப்டுக்குப் பேன் பாத்துட்டு இருப்பியா?”

அவன் எதிர்ச்சுவர்ப் பக்கம் திரும்பினான்.

“புள்ளைக்காகப் பண்ணேன்னு சொன்னா பொய். உனக்காகப் பண்ணேன். உன் பொண்டாட்டி போனப்பவே நீ பாதி ஆளாயிட்ட. இன்னொண்ண நீ தாங்க மாட்ட.”

எதிர்ச்சுவர்க் கண்ணாடிக்கு அப்பால் சுண்டு தெரிந்தாள். உதவிப் பெண் ஏதோ சொல்லிச் சிரித்தாள். சுண்டு அவளுடைய வளையலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கூட்டிட்டுப் போறேன்னாரே, அந்த மச்சானுக்கே போன் போட்டுச் சொல்லிடறேன். மனுஷன் காலைலேர்ந்து சாப்பிடலையாம்,” என்று அக்கா போனை எடுத்தாள்.

“வேணாம். டாக்டரே இன்னும் ஒண்ணும் சொல்லல.”

“அவங்க சொல்றப்ப சொல்லட்டும்.”

“அக்கா, வை.”

கதவு திறந்தது. “உள்ள வாங்க சார்.” அவன் போனான். முதுகுக்குப் பின்னால் அக்காவின் குரல் மலர்ந்தது. “ஆமாங்க, நான்தான். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது.” கதவு சாத்திக்கொண்டது.

டாக்டர் எதிர் நாற்காலியைக் காட்டினார்.

“கொஞ்சம் குழப்பமாத்தான் இருக்கு,” என்றார். “எங்கிட்ட விளையாடினப்ப ஒரு மாதிரி இருந்தா. ஆனா உருண்டைகிட்ட எல்லாம் நல்லா வந்திருக்கு. கூப்பிட்டா திரும்பறா, காட்டின பக்கம் பாக்கறா, செஞ்சதத் திருப்பிச் செய்யறா. புது ஆளுன்னு எங்கிட்ட கூச்சப்பட்டிருக்கலாம். வீட்ல ஒரு சாவுன்னா குழந்தைங்க ஒதுங்கறதும் உண்டு. இன்னிக்குப் பாத்தத வெச்சு, ஒரு வருஷம் கழிச்சு வாங்கன்னு சொல்லிடலாம். நீங்க ஏதாவது சொல்லணுமா?”

சொல்ல வேண்டியதில்லை. எழுந்து போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்படுவார். மகள் அவனோடுதான் இருப்பாள். கூப்பிட்டால் திரும்பாமல், ஏன் என்று யாருக்கும் தெரியாமல், அவனோடு இருப்பாள். அடுத்த வருஷமும்.

“டாக்டர், அவளுக்கு அது மனப்பாடம்.”

“எது?”

“உருண்டை பண்ணதெல்லாம். நெட் போச்சே, அப்ப நீங்க திரும்பிட்டீங்க. அது நின்னுடுச்சு. அவ நிக்கல. கைதட்டினா, மூஞ்சிய மூடினா, படத்தப் பாத்தா. முடிச்சிட்டுக் கைய நீட்டினா. பிஸ்கட்டுக்கு.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். முகத்தில் கோபம் இல்லை.

“யாரு பழக்கினது?”

“வீட்லதான்.” அக்காவை அவன் காட்டிக்கொடுக்கவில்லை. “எனக்கும் அரைகுறையா தெரியும்.”

“பெத்தவங்களுக்கு ஓட்டிக் காட்டினது எங்க தப்பு. அதே வரிசைய வெச்சே குழந்தையப் பாத்தது அதவிடத் தப்பு. உங்கள மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்ல.” நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “ஆனா சார், நீங்க சொன்னது அவளப் பத்தி எனக்கு எவ்வளவோ சொல்லுது. எதிர்ல இருக்கறது நின்னுபோச்சு. அது அவளுக்கு ஒரு பொருட்டே இல்ல. வரிசை முடியணும், அவ்வளவுதான்.”

“அப்ப ஃபெயிலா?”

“பாஸ் ஃபெயில் இங்க எதுவும் கிடையாது. என்ன வேணும்னு தெரிஞ்சா குடுக்கலாம். தெரியலன்னா அவளாவே சமாளிப்பா. சமாளிச்சுச் சமாளிச்சுக் களைச்சுப் போயிடுவா.”

அவன் தலையசைத்தான்.

“உருண்டையோடத இன்னிக்குக் கணக்குல எடுக்க முடியாது. வேற வரிசை போட்டு இன்னொரு நாள் பாக்கணும். இன்னிக்கு மிச்சம் நான் தரையில உக்காந்து பாத்தது. அப்புறம் நீங்க. சொல்லுங்க, மொதல்ல யாருக்குத் தோணுச்சு?”

“என் மனைவிக்கு.”

அது சுண்டுவுக்கு இரண்டு வயது நடந்தபோது. தான் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தால் குழந்தை திரும்பிப் பார்ப்பதில்லை என்று மனைவி சொன்னாள். நீ ஒரு நாள் இங்க கதவுகிட்ட நின்னு பாரேன் என்றாள். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரி என்று அவன் சொன்னான். சொல்லிவிட்டுப் போனைப் பார்த்தான். இந்த மையத்தைத் தேடிக் கண்டுபிடித்ததே அவள்தான். இந்த மாதம் வேலை அதிகம், அடுத்த மாதம் போகலாம் என்றான். ஒவ்வொரு மாதமும் அதையே சொன்னான். பிறகு ஒரு அடுத்த மாதத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது, நுரையீரலுக்குப் போனது.

அவள் கேட்ட இடத்தில் அவன் ஒரு நாளும் நின்று பார்க்கவில்லை.

இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னான். சுருக்கமாகத்தான்.

“அம்மா போனப்புறம் எப்படி இருந்தா? தேடினாளா?”

“இல்ல.”

“கொஞ்சங்கூட?”

“அம்மா எங்கன்னு கேக்கல. அழல. மறுநாள் காலைல எழுந்து வந்தா. ரொட்டி சாப்பிட்டா.”

யாரிடமும் சொல்லாத ஒன்று அவனிடம் இருந்தது. இந்த எட்டு மாதமும் அந்தச் சின்னக் குழந்தைமேல் அவனுக்குக் கோபம். வாரிவிட்டான், உடுத்திவிட்டான், தூங்கவைத்தான். ஒன்றிலும் குறை வைக்கவில்லை. எல்லாவற்றையும் அந்தக் கோபத்தோடேதான் செய்தான். ஊரே அழுத வீட்டில் அழ வேண்டிய ஒருத்தி கார்ப் பொம்மையை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்ததை அவனால் மன்னிக்க முடியவில்லை.

“கோவம் வந்துச்சு டாக்டர்,” என்றான். “இன்னும் இருக்கு.”

“வரும்.” டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “அவங்க அம்மாவுக்கு இது தெரிஞ்சிருக்குமா? இவ இப்படித்தான் இருப்பான்னு?”

அவன் ஜன்னலைப் பார்த்தான். வெளியே அக்காவின் கார் மஞ்சள் பலகையோடு நின்றது.

கடைசியாக என்ன சொன்னாள் என்று எல்லோரும் கேட்டார்கள். குழந்தைய நல்லா பாத்துக்கச் சொன்னா என்று அவன் சொல்லிவைத்தான். கேட்டவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. மைத்துனர் இன்றைக்கும் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். தங்கை சொல்லிவிட்டுப் போன கடமை என்று நினைக்கிறார்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. சொன்னதை வெளியே சொன்னால், பெற்ற பெண்ணைக் குறை சொல்லிவிட்டுப் போனாள் என்று பேசுவார்கள் என அவன் பயந்தான். அப்புறம் அது மறந்துபோனதாக நடித்தான். நடித்து நடித்துப் பாதி மறந்தும் போனது.

ஆக்சிஜன் மாஸ்க்கை ஒரு கையால் விலக்கிக்கொண்டு, பேசக்கூடாது என்று நர்ஸ் அதட்டியும் கேட்காமல், அவள் அவனைக் கிட்டே கூப்பிட்டாள். அவன் குனிந்தான். அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆனால் வார்த்தை தெளிவாக இருந்தது.

அதை இப்போதுதான் முதல்முறையாக இன்னொருவரிடம் சொன்னான். அவள் சொன்னபடியே.

“நான் இல்லன்னா அவ தேட மாட்டா. அதுக்காக அவமேல கோவப்பட்டுடாத.”